சாச்சியின் சம்பளம்

எங்கள் கரையோரத்து ஊர்களில் பெண்பிள்ளை ஒன்று பிறந்தால் வாப்பாமாருக்கு அன்றிலிருந்தே ஒரு யோசனை தொடங்கிவிடும். இவளுக்கு எங்கே வளவு வாங்குவது, எப்போது அத்திவாரம் போடுவது, எத்தனை அறை வைப்பது என்ற யோசனை அது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று எங்கு போனாலும் இதே கதைதான். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருவார். மூத்த மகளுக்கு ஒரு வீடு, அடுத்தவளுக்கு இன்னொரு வீடு. கடைசி மகளுக்குப் பெற்றோர் குடியிருக்கும் வீடு. அந்தக் கடைசி வீட்டின் ஓர் அறையில் வாப்பாவும் உம்மாவும் தங்கள் மிச்சக் காலத்தைக் கழிப்பார்கள்.

இதை யாரும் உறுதியில் எழுதுவதில்லை. நொத்தாரிசு எழுதும் உறுதியில் காணியின் எல்லை இருக்கும், பேர்ச்சஸ் கணக்கு இருக்கும். "வீட்டைப் பெற்றுக்கொள்பவள் பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்ற வரி இருக்காது. ஆனால் அந்த வரி ஊரில் எல்லோருக்கும் பாடம். உயர்தரத்தில் பொருளியலை ஒரு பாடமாக எடுத்த பிறகுதான் எனக்கு ஒன்று விளங்கியது. இது வெறும் வழக்கம் மாத்திரமல்ல, அரசாங்க ஓய்வூதியம் இல்லாத மக்கள் தங்களுக்காகத் தாங்களே அமைத்துக்கொண்ட ஓய்வூதியத் திட்டம். வீடு என்பது முன்கூட்டியே கொடுக்கப்படும் சம்பளம். பராமரிப்பு என்பது அதற்காகப் பின்னர் செய்யப்படும் வேலை.

அந்தத் திட்டம் இன்றைக்கும் சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு நான் நூலகத்துக்குப் போகவில்லை. சாச்சி வீட்டுக்குத்தான் போனேன்.

என் உம்மம்மாவுக்கு இப்போது 78 வயது. மருதமுனை என்றால் கைத்தறி என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தத் தறிகளில் ஒன்றில் உம்மம்மா முப்பது வருடங்களுக்கு மேல் நெய்திருக்கிறார். சாரன், சேலை, படுக்கை விரிப்பு என்று நெய்த துண்டுக்குத்தான் கூலி. நெய்யாத நாளுக்குக் கூலி இல்லை. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் வந்தபோது வீட்டின் பின்னால் இருந்த தறிக் கொட்டில் போய்விட்டது. அதன் பிறகும் இன்னொருவரின் தறியில் கண் மங்கும் வரை நெய்தார். அவருடைய கணவர், என் மூத்தவாப்பா, பழக்கடை வைத்திருந்தவர். நான் பிறக்க முன்னரே மவுத்தாகிவிட்டார். மூன்று பிள்ளைகளில் மூத்தவர் மாமா, இப்போது கட்டாரில் வேலை செய்கிறார். நடுவில் என் உம்மா, அரசாங்கப் பாடசாலை ஆசிரியை. கடைசி சாச்சி. அவர் சாதாரணதரத்தோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தையல் பழகியவர். வீட்டில் வைத்தே அபாயா, சல்வார், பாடசாலைச் சீருடை எல்லாம் தைத்துக் கொடுப்பார்.

2024 இல் உம்மம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் இழுத்துக்கொண்டன. பேச்சு குழறியது. ஆஸ்பத்திரியில் ஒரு சதமும் வாங்காமல் பார்த்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள், மருந்து கொடுத்தார்கள், இரண்டு கிழமை வைத்திருந்தார்கள். நம் நாட்டின் இலவச சுகாதார சேவைக்கு நாங்கள் எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. ஆனால் டிக்கெட் வெட்டி வீட்டுக்கு அனுப்பிய அந்த நாளில் இருந்து உம்மம்மாவின் செலவு முழுக்க எங்கள் குடும்பத்தின் செலவாகிவிட்டது. நோயைக் குணப்படுத்த வைத்தியசாலை இருக்கிறது. குணமாகாத நிலையில், மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஒருவரைக் குளிப்பாட்டவும் ஊட்டவும் புரட்டிப் படுக்க வைக்கவும் வீட்டைத் தவிர வேறு இடம் இல்லை. நீண்டகாலப் பராமரிப்பு என்று பொருளியலாளர்கள் சொல்வது இந்த இரண்டாவது பகுதியைத்தான்.

உம்மா கணக்கில் கெட்டிக்காரி. செலவுக் கொப்பி ஒன்றைப் போட்டு எழுதச் சொல்லி என்னிடம் தந்தார். ஒரு மாதத்துச் செலவை இங்கே தருகிறேன். பெரியவர்களுக்கான பம்பர்ஸ் பகலில் ஒன்று, இரவில் ஒன்று. ஒன்று 230 ரூபா என்று மாதத்துக்கு 13,800. கிளினிக்கில் இல்லாத மருந்துகளைப் பாமசியில் வாங்க 4,500. பால்மா, சத்துமா, பழம் 6,000. கிழமைக்கு ஒரு தடவை வீட்டுக்கு வந்து கை கால் அசைத்துப் பயிற்சி கொடுப்பவருக்கு, தடவைக்கு 2,000 என்று 8,000. கிளினிக்குக்குப் போய்வர ஓட்டோ 1,200. கையுறை, கிறீம், சவர்க்காரம், காற்று மெத்தையின் மோட்டருக்குக் கூடும் கரன்ட் பில் எல்லாம் சேர்த்து 3,500. மொத்தம் 37,000 ரூபா.

வரவுப் பக்கம் இது: மாமா 20,000 அனுப்புகிறார். உம்மா தன் சம்பளத்தில் 10,000 கொடுக்கிறார். 70 வயதைக் கடந்த வசதி குறைந்தவர்களுக்கு அரசாங்கம் தரும் முதியோர் கொடுப்பனவு 5,000. இந்தக் கொடுப்பனவு முன்பு 2,000 ஆக இருந்து, பிறகு 3,000 ஆகி, 2025 வரவுசெலவுத் திட்டத்தில்தான் 5,000 ஆனது. மொத்த வரவு 35,000. குறைவது 2,000. அதைச் சாச்சி தன் கையில் இருந்து போட்டுக்கொள்கிறார்.

இந்தக் கொப்பியைப் பார்க்கும் எவரும் ஒரு முடிவுக்கு வந்துவிடுவார். மாமாதான் அதிகம் தாங்குகிறார், அடுத்தது உம்மா, சாச்சியின் பங்கு மாதம் இரண்டாயிரம். எங்கள் குடும்பத்திலும் அப்படித்தான் பேச்சு இருந்தது. பெருநாளைக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர் மாமாவைப் புகழ்ந்து துஆச் செய்துவிட்டுப் போனார். சாச்சி அப்போது குசினியில் உம்மம்மாவுக்குக் கஞ்சி கரைத்துக்கொண்டிருந்தார்.

மொத்த உள்நாட்டு உற்பத்தி என்ற அலகைப் படிக்கும்போது எங்கள் ஆசிரியை ஒரு விடயத்தைச் சொல்லித் தந்தார். வீட்டில் கூலியில்லாமல் செய்யப்படும் சேவை அந்தக் கணக்கில் சேராது. ஒரு தாதி சம்பளத்துக்கு ஒரு முதியவரைப் பராமரித்தால் நாட்டின் உற்பத்தி கூடும். அதே வேலையை மகள் செய்தால் உற்பத்தியில் ஒரு சதமும் கூடாது. வேலை ஒன்று, களைப்பு ஒன்று, கணக்கு மட்டும் வேறு. அதைக் கேட்டபோது எனக்கு எங்கள் வீட்டுக் கொப்பி நினைவுக்கு வந்தது. நாட்டின் கணக்கில் விடுபடுவது எங்கள் கணக்கிலும் விடுபட்டிருந்தது.

ஆகவே ஒரு கிழமை பாடசாலை விடுமுறையில் சாச்சி வீட்டில் தங்கி, நேரத்தை எழுதினேன். குளிப்பாட்டல், துடைத்தல், உடுப்பு மாற்றல் ஒன்றரை மணித்தியாலம். விழுங்குவதற்குக் கஷ்டம் என்பதால் மூன்று நேரச் சாப்பாட்டை ஊட்ட இரண்டு மணித்தியாலம். படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைத்தல், பம்பர்ஸ் மாற்றல், கொமோட் கதிரையில் இருத்தல் எல்லாம் சேர்த்து இரண்டரை மணித்தியாலம். மருந்தும் பயிற்சியும் ஒன்று. துவைத்தல் ஒன்று. ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம். இரவில் இரண்டு தடவை எழும்புவதை இதில் சேர்க்கவில்லை. கிழமையில் ஏழு நாள், போயா தினமும் இல்லை, பெருநாளும் இல்லை.

எட்டு மணித்தியாலம் என்பது ஒரு முழு நாள் வேலை. அதற்கு விலை போடுவது எப்படி? மூன்று வழிகள் இருந்தன.

முதலாவது, நாட்டின் சட்டப்படி கொடுக்க வேண்டிய ஆகக் குறைந்த வேதனம். 2026 ஜனவரியில் இருந்து அது நாளுக்கு 1,200 ரூபா. முப்பது நாளைக்கு 36,000.

இரண்டாவது, அந்த வேலைக்கு வெளியில் ஆளைப் பிடித்தால் ஆகும் செலவு. பராமரிப்பாளர்களை அனுப்பும் ஓர் இடத்துக்கு உம்மாவின் போனில் இருந்து அழைத்துக் கேட்டேன். நாளுக்கு 3,500, சாப்பாடும் தங்க இடமும் நாங்கள் கொடுக்க வேண்டும் என்றார்கள். மாதம் 105,000. அது உம்மாவின் சம்பளத்தை விடக் கூட.

மூன்றாவதுதான் எங்கள் பாடப் புத்தகத்தில் முதல் அத்தியாயத்திலேயே வரும் அமையச் செலவு. இந்த வேலையைச் செய்வதற்காகக் கைவிட்ட அடுத்த சிறந்த வாய்ப்பின் பெறுமதி. உம்மம்மா விழுவதற்கு முன் சாச்சி தைத்து மாதம் 25,000 அளவில் உழைத்தார். இப்போது ஓடரை ஏற்றால் சொன்ன நாளுக்குக் கொடுக்க முடிவதில்லை. வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக வேறிடம் போய்விட்டார்கள். இப்போது வருவது 6,000. இழந்தது 19,000.

மூன்றில் ஆகக் குறைந்த கணக்கையே எடுப்போம். இழந்த 19,000, கையால் போடும் 2,000. சாச்சியின் பங்கு மாதம் 21,000. மாமா அனுப்புவது 20,000. கொப்பியில் கடைசியாக இருந்தவர்தான் எல்லோரிலும் கூடக் கொடுப்பவர்.

நான் இதை எழுதிக்கொண்டிருந்ததைச் சாச்சி பார்த்துவிட்டுச் சிரித்தார். "உம்மாவுக்குச் செய்றத்துக்குக் கணக்குப் பாக்கிறதா புள்ள?" என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. பெற்றோரைப் பார்த்து "சீ" என்றுகூடச் சொல்லக் கூடாது என்று மத்ரசாவில் பாடமாக்கி வளர்ந்தவர்கள் நாங்கள். பிள்ளைகள் செய்யும் பணிவிடைக்குக் கூலியை அல்லாஹ்விடம்தான் எதிர்பார்க்க வேண்டும். சாச்சியும் வேறெதையும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் நான் யோசித்துப் பார்த்தேன். அந்தக் கடமை மூன்று பிள்ளைகளுக்கும் பொதுவானது. கணக்கு எழுதாவிட்டால் அது ஒருவரின் தோளில் மட்டும் போய் உட்கார்ந்துகொள்கிறது. மற்ற இருவரும் தாங்கள் கடமையை நிறைவேற்றிவிட்டதாக மனதார நம்புகிறார்கள். கணக்கு எழுதுவது பாசத்துக்கு விலை போடுவதற்காக அல்ல, பாரத்தைச் சரியாகப் பிரிப்பதற்காக.

இன்னொரு கணக்கும் எனக்குத் தென்பட்டது. உம்மாவின் பிரசவ விடுமுறை முடிந்ததும் என்னை உம்மம்மாவிடம் விட்டுவிட்டுத்தான் பாடசாலைக்குப் போனார். நான் முன்பள்ளிக்குப் போகும் வரை என்னைப் பார்த்தவர் உம்மம்மா. பிறகு என் தம்பியையும் பார்த்தார். அவர் பார்த்திருக்காவிட்டால் உம்மா வேலையை விட்டிருக்க வேண்டும், அல்லது சம்பளத்தில் பாதியைக் கொடுத்து ஆள் வைத்திருக்க வேண்டும். பத்து வருடங்களில் உம்மா ஓய்வு பெறும்போது கிடைக்கப்போகும் ஓய்வூதியத்தில் உம்மம்மாவின் உழைப்பும் ஒரு பங்காக இருக்கிறது. ஆனால் அந்த ஓய்வூதியம் உம்மாவின் பெயரில் வரும். "நான் உங்களுக்கெல்லாம் பாரமாப் போயிட்டன்" என்று உம்மம்மா குழறிய குரலில் சொல்லும்போது நான் இதைத்தான் சொல்ல நினைப்பேன். நீங்கள் கடன் வாங்கவில்லை உம்மம்மா, கொடுத்த கடனைத்தான் இப்போது திருப்பி எடுக்கிறீர்கள்.

எங்கள் வீட்டுக் கதை எங்கள் வீட்டோடு முடிந்துவிடும் கதையல்ல. 1981 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இலங்கையில் 60 வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 6.6 பேர். 2012 இல் அது 12.4. 65 வயதைக் கடந்தோரை மட்டும் எடுத்தால் 2012 இல் 7.9 ஆக இருந்தது 2024 இல் 12.6 ஆகிவிட்டது. பிரான்ஸ் நாட்டில் இந்தப் பங்கு 7 இலிருந்து 14 ஆவதற்கு 115 வருடங்கள் எடுத்தன. அந்த நீண்ட காலத்துக்குள் அவர்கள் கைத்தொழிலை வளர்த்து, வரி சேர்த்து, ஓய்வூதியம் அமைத்துக்கொண்டார்கள். நமக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. நாம் பணக்காரர் ஆவதற்கு முன்னரே வயதாளிகள் ஆகிக்கொண்டிருக்கிறோம்.

முதுமைக்கு நம் நாட்டில் பணம் எங்கிருந்து வருகிறது? அரசாங்க ஊழியருக்கு ஓய்வூதியம் உண்டு. தனியார் துறையில் பதிவாக வேலை செய்பவருக்கு 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதி உண்டு. ஊழியர் நூற்றுக்கு 8, தொழில்தருநர் நூற்றுக்கு 12 செலுத்த வேண்டும். அதற்கு மேல் தொழில்தருநர் நூற்றுக்கு 3 ஐ ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குச் செலுத்துகிறார். ஆனால் உழைப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் முறைசாராத் துறையில் இருக்கிறார்கள். தறி நெய்பவர், தையல்காரி, மீன்பிடிப்பவர், கூலிக்கு வயல் செய்பவர், நடைபாதையில் கடை போடுபவர் எல்லோரும் அதில் அடக்கம். எங்கள் ஊரில் எத்தனை வீடுகளில் சேமலாப நிதி அட்டை இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

சேமித்து வைத்தால் போதாதா என்று கேட்கலாம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் நூற்றுக்கு 69.8 ஆனது. பத்து வருடமாகச் சேர்த்த காசின் பெறுமதி ஒரே வருடத்தில் எப்படிக் கரைந்தது என்பதை எல்லா வீட்டுப் பெரியவர்களும் கண்டார்கள். உம்மம்மா வட்டிக்குப் போடாமல், காசாகவும் வைக்காமல், கையில் இரண்டு காப்பாக வைத்திருந்தார். காற்று மெத்தையும் சக்கர நாற்காலியும் அந்தக் காப்புகளில் இருந்துதான் வந்தன. தங்கம் அவரைக் காப்பாற்றியது. ஆனால் காப்பு இரண்டுதான்.

எல்லாத் திட்டமும் தோற்கும் இடத்தில் மகள் இருக்கிறாள். அதுதான் எங்கள் கரையோரத்துக் காப்புறுதி. அந்த ஒப்பந்தம் எழுதப்பட்ட காலத்தில் இரண்டு விடயங்கள் வேறாக இருந்தன. ஒன்று, பிள்ளைகள் பலர். 1953 இல் இலங்கைப் பெண் ஒருவருக்குச் சராசரியாக ஐந்துக்கு மேல் பிள்ளைகள். இன்று இரண்டுக்கும் குறைவு. உம்மம்மாவுக்கு மூன்று, உம்மாவுக்கு இரண்டு. இரண்டாவது, படுக்கையில் கிடக்கும் காலம் குறுகியது. இன்று மருத்துவம் ஆயுளைக் கூட்டித் தந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். இலங்கைப் பெண்ணின் சராசரி ஆயுள் 80 ஐ நெருங்கி நிற்கிறது. ஆனால் கூடிய வருடங்களில் சிலவற்றை யாராவது தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதே வீட்டுக்கு முன்பு ஆறு மாத வேலை. இப்போது ஆறு வருட வேலையாகவும் ஆகலாம்.

இதில் ஒரு முரணும் இருக்கிறது. எங்கள் ஊர்களில் இருந்து எத்தனையோ உம்மாமார் சவூதிக்கும் குவைத்துக்கும் போய் அந்த நாட்டு முதியவர்களைக் கவனித்திருக்கிறார்கள். இப்போது ஜப்பான் 2019 இல் தொடங்கிய விசாத் திட்டத்தில் முதியோர் பராமரிப்பு ஒரு தனித் தொழில். அதற்காக மொழி படித்துக்கொண்டு போகும் இளைஞர்கள் நம் நாட்டிலும் இருக்கிறார்கள். கடல் கடந்தால் அது திறன், அதற்குச் சான்றிதழ், சம்பளம், காப்புறுதி எல்லாம் உண்டு. சாச்சி வீட்டில் அதே வேலைக்குப் பெயர் "சும்மா வீட்டில இருக்கிறா".

அந்த ஜப்பான் தன் முதியவர்களுக்கு என்ன செய்தது என்பதை நான் தேடிப் படித்தேன். அங்கும் மருமகள்தான் மாமியைப் பார்க்க வேண்டும் என்ற வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 2000 ஆம் ஆண்டில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதியைக் கொண்டு வந்தார்கள். 40 வயதானதும் எல்லோரும் கட்டுப்பணம் செலுத்த வேண்டும். பாதிச் செலவு கட்டுப்பணத்தில் இருந்து, பாதி வரியில் இருந்து. 65 வயதுக்குப் பிறகு உதவி தேவைப்பட்டால் பராமரிப்பாளர் வீட்டுக்கு வருவார், அல்லது முதியவர் பகலில் நிலையத்துக்குப் போய் வருவார். பயன்பெறுபவர் பெரும்பாலும் செலவில் பத்தில் ஒன்றைக் கொடுத்தால் போதும். நம் நாட்டில் இதை அப்படியே நட்டால் முளைக்காது. தையல்காரியிடமும் மீன்காரரிடமும் மாதாமாதம் கட்டுப்பணம் அறவிடுவது இலகுவல்ல. ஆனால் அதன் அடிப்படை யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. எந்த வீட்டில் பாரிசவாதம் வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே எல்லா வீடுகளும் கொஞ்சம் கொஞ்சம் போட்டு, விழுந்த வீட்டைத் தாங்குவது.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகள் பெற்றோரைக் கைவிடக் கூடாது என்கிறது. கைவிடப்பட்ட பெற்றோர் பராமரிப்புச் செலவு கேட்டு முறையிட ஒரு சபையும் உண்டு. நல்ல சட்டம். ஆனால் அது பிள்ளை பார்க்காத வீட்டுக்கான சட்டம். பிள்ளை பார்த்துப் பார்த்தே தேய்ந்து போகும் வீட்டுக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை.

நான் எழுதிய தாளை ஒரு வெள்ளிக்கிழமை இரவு உம்மா, சாச்சி, கட்டாரில் இருந்து வட்ஸ்அப்பில் மாமா எல்லோரும் இருக்கும்போது வாசித்தேன். எனக்குக் கை நடுங்கியது. பெரியவர்களின் காசுக் கதையில் பிள்ளைகள் வாய் வைப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. மாமா முதலில், "வீட்ட அவளுக்குத்தானே குடுத்திருக்கு. செலவுக்கு நாங்க அனுப்புறம்தானே" என்றார். அதில் உண்மை இல்லாமலில்லை. கட்டாரின் வெயிலில் நின்று உழைத்து, தன் பிள்ளைகளின் படிப்பையும் பார்த்து, இருபதாயிரம் அனுப்புபவர் அவர். நான் சொன்னேன்: "உண்மதான் மாமா. ஆனா வீட்டுச் சுவர உடைச்சு அரிசி வாங்க ஏலாதே. உம்மாக்கும் வீடு குடுத்துத்தான் இருக்கு. உம்மாட சம்பளம் நிக்கல்ல, சாச்சிட தையல்தான் நின்டிருக்கு."

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சாச்சியைக் கூப்பிட்டு, "இரவில ரெண்டு தரம் எழும்புறயா? ஏன் நீ எனக்கு ஒரு நாளும் சொல்லல்ல?" என்று கேட்டார். சாச்சி பதில் சொல்லாமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று செய்த ஏற்பாடு பெரியதல்ல. குறைந்த 2,000 ஐ உம்மா ஏற்றுக்கொண்டார். சனியும் ஞாயிறும் காலையில் இருந்து அஸர் வரை உம்மம்மாவை உம்மாவும் நானும் பார்ப்பது, அந்த நேரத்தில் சாச்சி தைப்பது. பதினைந்து வயதுத் தம்பியும் உம்மம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்கப் பழகினான். தூக்குவதற்கு என்னை விட அவனுக்குத்தான் பலம். ஆண்பிள்ளை செய்யும் வேலையா என்று ஒரு மாமி கேட்டார். உம்மம்மா அவனைப் பார்த்துச் சிரித்த சிரிப்பே பதிலாக இருந்தது. மாமா இன்னும் 5,000 அனுப்ப ஒப்புக்கொண்டார். அதை வீட்டுச் செலவில் சேர்க்காமல் சாச்சியின் பெயரில் ஒரு கணக்குத் திறந்து போடுவது என்று முடிவானது. மூன்று மாதத்தில் சாச்சியின் தையல் வருமானம் 6,000 இலிருந்து 13,000 வரை வந்திருக்கிறது.

ஒரு குடும்பத்தால் இவ்வளவு முடியும் என்றால் ஊரால் இன்னும் கொஞ்சம் முடியும். ஒவ்வொரு மஹல்லாவிலும் ஜனாஸாவுக்குப் பிறகு ஒரு சக்கர நாற்காலியும் காற்று மெத்தையும் கொமோட் கதிரையும் மூலையில் தூசி பிடித்துக் கிடக்கின்றன. பள்ளிவாசல் நிருவாகம் ஓர் அறையில் அவற்றைச் சேகரித்து, தேவையான வீட்டுக்கு இரவலாகக் கொடுத்தால் காப்பு விற்க வேண்டிய வீடுகள் குறையும். கிராம உத்தியோகத்தர் பிரிவுகளில் முதியோர் சங்கங்கள் இருக்கின்றன. அவற்றின் வழியாகக் கிழமைக்கு இரண்டு நாளாவது பகல் பராமரிப்பு நிலையம் நடத்தினால் எத்தனையோ சாச்சிமாருக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் எங்கள் அக்காமார் பராமரிப்புப் பயிற்சி பெற்றால் வெளிநாடு போகாமலே ஊரில் கௌரவமான தொழிலாக அதைச் செய்யலாம். அப்போது அந்த வேலைக்கு ஒரு விலையும் வரும், மதிப்பும் வரும்.

பெற்றோரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். மகளுக்கு வீடு கட்டும்போது அதனோடு சேர்த்து அவள் பெயரில் ஒரு சிறு சேமிப்பையும் தொடங்குங்கள். அவள் எங்கேனும் வேலை செய்தால் சேமலாப நிதி கட்டுகிறார்களா என்று கேளுங்கள். வீடு வெயிலுக்கும் மழைக்கும் நிழல் தரும், மாதச் செலவுக்குக் காசு தராது. சக மாணவிகளே, உங்கள் வீட்டில் படுக்கையில் ஒருவர் இருந்தால் ஒரே ஒரு நாள், அவரைப் பார்ப்பவரின் நேரத்தை எழுதிப் பாருங்கள். எழுதியதை மற்றவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

நானும் என் உம்மாவுக்கு ஒரே மகள். எங்கள் வீடு எனக்குத்தான். பல்கலைக்கழகம் கிடைத்து நான் தூரத்துக்குப் போனாலும் அந்த எழுதப்படாத வரி என்னோடு வரும். அதை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் அதில் தம்பியின் பெயரையும் எழுதவேண்டும் என்று இப்போதே கேட்டு வைத்திருக்கிறேன். உம்மா மறுக்கவில்லை.

சாச்சிக்கு இப்போது 47 வயது. மாதம் 5,000 படி 70 வயது வரை 23 வருடங்கள் போட்டால் 1,380,000 ரூபா சேரும். அதைப் பத்து வருடங்களுக்குப் பிரித்தால் மாதம் 11,500. விலைகள் இனிமேல் ஒரு சதமும் ஏறாது என்று வைத்துக்கொண்டாலும், உம்மம்மாவுக்கு இன்று ஆகும் 37,000 இல் அது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதியை யார் தருவது? அந்தக் கேள்விக்கு எங்கள் குடும்பத்திடம் விடை இல்லை. ஒரு குடும்பம் தனியே கண்டுபிடிக்கக்கூடிய விடையும் அதுவல்ல. சாச்சிக்கு எழுபது வயதாவதற்கு இன்னும் 23 வருடங்கள் இருக்கின்றன. ஊரும் நாடும் யோசிக்க அது போதுமான காலம். யோசிக்காமல் விட்டால் சீக்கிரம் போய்விடும் காலம்.

— உயர்தர வர்த்தகப் பிரிவு மாணவி